பன்னிரண்டாம் நம்பர் ராடு

எங்கள் மாமா வெல்டிங் மெஷின் வாங்கிய வருஷம் எது என்பதில் குடும்பத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. கிணற்றுக்கு மோட்டார் வந்த அதே வருஷம் என்பது அம்மாவின் கட்சி. மோட்டார் வந்து ஒரு வெள்ளாமை எடுத்த பிறகுதான் என்பது அப்பாவின் கட்சி. மாமா எதிலும் சேராமல், அதெல்லாம் ஆகி ரொம்ப நாளாச்சு என்று முடித்துவிடுவார். எதையும் நாள் கிழமையோடு குறித்து வைக்கும் எனக்கு இது பெரிய குறை. கிடைத்த சான்றுகளை வைத்து அறுபதுகளின் பின்பாதி என்றுதான் என்னால் சொல்ல முடிகிறது. வெல்டிங் ராடுப் பெட்டிகளில் மில்லிமீட்டர் என்று அச்சடித்திருந்தாலும் கடைக்காரர்கள் நம்பர் என்றே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. மாதத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. புரட்டாசி. புரட்டாசியில் எங்கள் பக்கம் கல்யாணம் வைக்க மாட்டார்கள், ஐப்பசியில் வைப்பார்கள். நடந்ததெல்லாம் அந்த ஐப்பசியைப் பிடிப்பதற்காகத்தான் நடந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். மெஷினில் நூல் அறுந்தால் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார் என்று பேர் எடுத்தவர். நூலைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டி, இது இருபதாம் நம்பர், இது நாற்பது என்று சொல்லுவார். இந்தத் திறமையெல்லாம் இருந்தும், அடுத்தவன் மெஷினுக்கு எத்தனை காலம் எண்ணெய் விடுவது என்று ஒருநாள் அவருக்குத் தோன்றிவிட்டது. கோயம்புத்தூரில் ஏதோ ஒரு பட்டறை பழைய வெல்டிங் மெஷினை விற்கிறதென்று கேள்விப்பட்டுப் போனார். அங்கே சில நாள் நின்று வேலையைப் பழகிக்கொண்டேன் என்றார். பார்த்துக்கொண்டு நின்றதைத்தான் பழகியதாகச் சொல்கிறார் என்று அப்பா பிறகு எங்களுக்கு விளக்கினார்.

மெஷின் மாட்டு வண்டியில் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. தோட்டம் அருள்புரத்துக்குப் பக்கத்தில். மோட்டாருக்கு இழுத்த கரண்டு எங்களிடம் இருந்ததால் மாட்டுக் கொட்டகையின் ஒரு மூலை மாமாவுக்குப் பட்டறையாயிற்று. சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் கலப்பை உடைந்தாலும் வண்டிச் சக்கரத்துப் பட்டை விட்டாலும் இனிமேல் எல்லாரும் இங்கேதான் வருவார்கள் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். மெஷின் வந்து எருமைகளுக்கு அது பழகுவதற்குள், உருகி இரும்பை ஒட்டும் ராடு ஒன்றுகூட வாங்குவதற்குள், முதல் வேலை வந்துவிட்டது. வந்த இடம்தான் வில்லங்கம்.

மாமாவுக்குச் சோமனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணுக்கும் மாமாவுக்கும் பிடித்து, ஜாதகமும் பொருந்தி, எல்லாம் கூடி வந்த நேரத்தில் மாமா கம்பெனி வேலையை விட்டார். பெண்ணின் அப்பா அதிர்ந்து பேசுகிறவர் இல்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தன் வீட்டு இரும்புக் கலப்பையை, தண்டும் கொழுவும் சேரும் இடத்தில் விட்டுப் போயிருந்ததை, வண்டியில் ஏற்றி ஒரு ஆளோடு அனுப்பினார். அந்த ஆள் கொட்டகையின் முன்னால் கலப்பையை இறக்கி வைத்துவிட்டு, மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தார்.

"இதையப் பத்த வெச்சு அனுப்புவீங்களாம். மழைக்கு உழுது பாப்பாராமுங்க. நின்னுதுன்னா ஐப்பசியில நாள் வெக்கறதப் பத்திப் பேசிக்கலாம்னு சொல்லச் சொன்னாருங்க."

நிற்காவிட்டால் என்ன என்று சொல்லி அனுப்பவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அம்மா அந்த ஆளுக்கு மோர் கொடுத்தார்.

மறுநாள் மாமா ராடு வாங்கத் திருப்பூர் புறப்பட்டார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் சைக்கிளின் முன் கம்பியில் துண்டு போட்டு உட்கார்ந்துகொண்டேன். இரும்புக் கடை வைத்திருந்தவர் ஒரு பாய். போல்ட்டும் ஆணியும் சங்கிலியும் விற்கிற அந்தக் கடையில் வெல்டிங் ராடு அப்போது புதுச் சரக்கு. பாய் நிதானமாக விசாரித்தார். பத்த வைக்கப் போவது வார்ப்பு இரும்பா, சாதா இரும்பா, எவ்வளவு கனம், மெஷின் எவ்வளவு கரண்டு தள்ளும். மாமா முதல் கேள்விக்குச் சாதா இரும்பு என்று சரியாகச் சொன்னார். இரண்டாவதற்குக் கலப்பை என்றார். மூன்றாவது கேள்வி காதில் விழாதது போல இருந்துவிட்டார்.

பாய் மேஜைமேல் மூன்று கட்டைப் பிரித்து வைத்தார். எட்டு, பத்து, பன்னிரண்டு. எட்டாம் நம்பர் பென்சில் போல இருந்தது. பத்து அதைவிடச் சன்னம். பன்னிரண்டாம் நம்பர் தென்னை ஈர்க்கு மாதிரி. மாமாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவருக்குத் தெரிந்த உலகம் அது. நூலிலும் இப்படித்தான், நம்பர் கூடக் கூட நூல் சன்னமாகும், சன்னமாக ஆக ஆகச் சரக்கு உசத்தியாகும். அவர் ஒவ்வொரு ராடையும் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார். எட்டைக் கீழே வைத்தார். பத்தை யோசித்து வைத்தார். பன்னிரண்டைக் கண்ணை மூடிக்கொண்டு உருட்டினார்.

"இதையவே குடுங்க பாய். எட்டெல்லாம் சாக்குத் தெக்கறதுக்குத்தானுங்க ஆவும்."

"கலப்பைன்னு சொன்னீங்களே தம்பி. கனமான இரும்பாச்சே."

"கனமோ என்னமோ, குடுக்கறது நல்ல எடம் பாய். நயமாத்தான் செய்யோணும்."

பாய் கட்டைக் கையில் எடுத்து எடைபோட்டுப் பார்த்தார். ராடை விற்றிருக்கிறாரே தவிர அவரும் அதைப் பிடிக்கும் ஹோல்டரைக் கையால் தொட்டதில்லை, அதனால் அதற்குமேல் அடித்துப் பேச அவருக்குத் தைரியம் வரவில்லை. கட்டைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். வழியெல்லாம் மாமா ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி சைக்கிள் மிதித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த காரியம் நடந்தது. பனியன் கம்பெனியில் நூல் காய்ந்து போனால் மெஷினில் பொட்டுப் பொட்டென்று அறுந்துவிடும். அதனால் வெயில் காலத்தில் தரையில் தண்ணீர் தெளிப்பார்கள், நூல் பெட்டிமேல் ஈரச் சாக்குப் போடுவார்கள். ராடின்மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு போல ஒன்று பூசியிருக்கிறதல்லவா, அது காய்ந்தால் உதிர்ந்துபோகும் என்று மாமா தாமாகவே முடிவு செய்தார். கட்டைப் பிரித்து ஒரு முறத்தில் பரப்பி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடினார். காலையிலும் சாயங்காலமும் சாக்கில் தண்ணீர் தெளிக்கும் வேலை எனக்கு. நான் அதை ஒருநாளும் தவறவிடவில்லை. வெற்றிலைக்குத் தெளிப்பதைப்போலச் சொம்பிலிருந்து அள்ளி அள்ளித் தெளித்தேன். மாமா என்னைப் பொறுப்பான பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்.

கலப்பையில் கை வைப்பதற்கு முன்னால் ஒத்திகை பார்க்க வேண்டாமா. அப்பா மண் வெட்டும் மம்முட்டி ஒன்று காம்பு மாட்டும் வளையத்தில் விட்டுக் கிடந்தது. மோட்டார் ஓடினால் மெஷினுக்குக் கரண்டு போதாது, அதனால் பருத்திக்குப் பாய்ந்துகொண்டிருந்த தண்ணீரை நிறுத்தினார்கள். பொறியைக் கண்ணால் பார்க்கக் கூடாது என்று அம்மா என்னைத் திருப்பி நிறுத்தினார். ஆகவே மாமாவின் முதல் வெல்டிங்கை நான் சுவரில்தான் பார்த்தேன். நீல வெளிச்சத்தில் என் நிழல் கொட்டகைச் சுவரில் பெரிதாக எழுந்து நடுங்கியது. நான் கையை ஆட்டினால் அதுவும் ஆட்டியது. பின்னால், கடுகு தாளிப்பதைப்போலப் படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்டது. நடுநடுவே சத்தம் நின்றுபோகும். ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். மாமா அதை ஆட்டி ஆட்டிப் பிடுங்குவார். எருமைகள் எழுந்து நின்றுகொண்டன.

முடிந்த பிறகு பார்த்தால், ஒட்டுப் போட்ட இடம் முழுக்கப் பொத்தல் பொத்தலாக, பணியாரத்தைப் பிய்த்து வைத்தது போல இருந்தது. மாமா அதைக் காற்றுப் போவதற்கு நல்லது என்கிற மாதிரி பார்த்தார். அப்பா மம்முட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். ஒரு கையில் காம்பும் இன்னொரு கையில் தகடுமாக மாமாவின் முன்னால் நின்றார்.

"ரெண்டும் தனித்தனியா நல்லாத்தானுங்க இருக்குது மாப்ளே. சேந்து இருக்கத்தான் அதுகளுக்கு இஷ்டமில்ல போல."

அம்மாவுக்கு இந்த வேடிக்கை பிடிக்கவில்லை. கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் என்ன வார்த்தை என்று அப்பாவை அதட்டினார். அப்பா மம்முட்டியைத்தான் சொன்னேன் என்றார்.

மாமா அன்று சாப்பிடவில்லை. கலப்பையின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வடக்கே மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. மழை விழுந்தால் சோமனூரில் உழவு தொடங்கிவிடும், கலப்பை இங்கே இரண்டு துண்டாகக் கிடக்கும். ஐப்பசி போனால் பிறகு கார்த்திகை, மார்கழி என்று தள்ளிக்கொண்டே போகும், பெண்ணைப் பெற்றவர் எத்தனை காலம் காத்திருப்பார் என்று அம்மா அடுப்படியில் கணக்குப் போட்டது எனக்குக் கேட்டது.

மறுபடி பாய் கடைக்குப் போனோம். மாமா மீதி ராடுகளையும் கையோடு கொண்டுபோனார், சரக்குச் சரியில்லை என்று சண்டை போடுகிற தோரணையில். பாய் ஒரு ராடை எடுத்தார், தடவினார், முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்தார்.

"மழையில நனைஞ்சுதா தம்பி?"

"மழையா? நாங்க அப்பிடி உடுவமுங்களா? காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா, நேரந் தவறாம நாங்களே நனைக்கறமுங்க," என்றார் மாமா. என் தலையில் கை வைத்து, "இவதான் தெளிக்கறா," என்று பெருமையாகச் சேர்த்துக்கொண்டார்.

பாய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தோள் குலுங்கியது. இடைப்பட்ட நாட்களில் அவர் எங்கோ விசாரித்து வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்தத் தடவை உறுதியாகப் பேசினார். ராடுக்கு ஈரம் ஆகவே ஆகாது, ஈரம் இருந்தால் உள்ளே காற்றுக் கொப்புளம் விழும், வெடிக்கும். பன்னிரண்டு தகரத்துக்குத்தான் சரி. கலப்பைத் தண்டு போலக் கனமானதற்கு, உடைந்த வாயை இரண்டு பக்கமும் அரத்தால் சரித்து, அடியில் பத்தாம் நம்பரால் ஒரு ஓட்டு ஓட்டி, அதன்மேல் எட்டாம் நம்பரால் நிரப்ப வேண்டும்.

"நூல்ல நீங்க சொன்னா நான் கேக்கறேன் தம்பி. இது நூல் இல்ல. சாக்குத் தைக்கிறதுன்னு சொன்னீங்களே, இப்ப உங்களுக்கு வேண்டியது சாக்குதான்."

மாமா எட்டாம் நம்பரைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். மனசே இல்லாமல்தான் வாங்கினார். பனியன்காரனுக்கு அவ்வளவு மொத்தமான சரக்கைக் காசு கொடுத்து வாங்குவது மானப் பிரச்சினை.

புது ராடையும் ஒருமுறை காயவைத்துவிடுவது நல்லது என்று பாய் சொல்லியிருந்தார். எவ்வளவு சூட்டில் என்று அவருக்கும் தெரியவில்லை. அது அம்மாவின் இலாகாவுக்கு வந்து சேர்ந்தது. தோசைக்கல்லைத் தர மாட்டேன் என்று முதலில் சண்டை பிடித்தார். வடக்கே இன்னொரு தடவை மின்னியதும் கொடுத்துவிட்டார். கொடுத்தபின் அவரே அடுப்பைவிட்டு நகரவில்லை. சின்னத் தீயில் கல்லை வைத்து, ராடுகளை வரிசையாக அடுக்கி, தோசைத் திருப்பியால் புரட்டிப் புரட்டிப் போட்டார். வீடெல்லாம் சுண்ணாம்புக் காளவாய் வாசனை அடித்தது. வெந்துவிட்டதா என்று மாமா வாசலிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். பதம் வந்தால் சொல்கிறேன் போடா என்றார் அம்மா. அந்தக் கல்லில் அதற்குப்பிறகு எங்கள் வீட்டில் தோசை வார்க்கவில்லை.

இந்தத் தடவை சுவரில் என் நிழல் அவ்வளவாக நடுங்கவில்லை. வெடிப்புச் சத்தம் இல்லை. எண்ணெயில் பூரி போட்டது போல ஒரே சீராகச் சத்தம் வந்தது, நடுவில் ஒட்டிக்கொண்டதும் இரண்டொரு தடவைதான். ஆறியபின் மேலே மூடியிருந்த கறுப்புக் கசடைச் சின்னச் சுத்தியால் தட்டி எடுக்கும் வேலையை மாமா எனக்குக் கொடுத்தார். உள்ளே பளபளவென்று இரும்பு தெரிந்தது. அழகு என்று சொல்ல முடியாது. பாகற்காயைப் பாதியாக வெட்டி ஒட்டி வைத்தது போல முண்டும் முடிச்சுமாக இருந்தது. ஆனால் பொத்தல் இல்லை. அப்பா அதைக் கல்லில் ஓங்கி அடித்துப் பார்த்தார். உடையவில்லை. உடனே வண்டியைக் கட்டப் போனார். கலப்பை போனதற்கு மறுநாள் மழை பிடித்தது.

அதற்குப்பிறகு மாமாவுக்கு வேலையே ஓடவில்லை. தோட்டத்து வேலியோரம் நின்று ரோட்டைப் பார்ப்பார். பஸ் நின்றால் யார் இறங்குகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பார். மழை நின்று ஈரம் காய்ந்த ஒருநாள் பெண்ணின் அப்பாவே வந்து இறங்கினார். மோர் குடித்தார். மழை எவ்வளவு என்று அப்பாவோடு பேசினார். எருமைகளை விசாரித்தார். புறப்படும்போதுதான், உழவு முடிந்தது, கலப்பை நின்றது, நாள் பார்க்கலாம் என்றார். மாமா கொட்டகைக்குள் போய் மெஷினைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார். நெடுநேரம் துடைத்தார்.

உப்புச் சர்க்கரை மாற்றச் சோமனூர் போனோம். எங்கள் பக்கம் கல்யாணத்தை உறுதி செய்வது அப்படித்தான். அதற்கு மாப்பிள்ளை வரும் வழக்கம் இல்லை. வெல்டிங்காரன் வரக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது, கலப்பையைப் பார்க்க வேண்டாமா என்று வாதாடி மாமாவும் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். பெரியவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது நான் நேரே அவர்கள் மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். கலப்பை சுவரில் சாய்த்து வைத்திருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். பாகற்காயைக் காணவில்லை. அந்த இடத்தில் மீன் செதிலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போல வழவழவென்று ஒரு ஒட்டு இருந்தது. கசடு தட்டியவள் நான். எனக்குத் தெரியாதா.

பெண் பின்கட்டில் தனியாக, எண்ணெயில் சுட்ட வெல்லக் கச்சாயத்தைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் போய்ச் சொன்னேன்.

"அக்கா, கலப்பையில இருக்கறது எங்க மாமா பத்த வெச்சதில்லீங்க."

அவர் கை நின்றது. கதவுப் பக்கம் பார்த்துவிட்டு என்னருகே குனிந்தார்.

"யாருகிட்டயாவது சொன்னியா அம்மிணி?"

"இல்லீங்க."

"ரெண்டு சாலுதான் ஓடுச்சு, ஒட்டு உட்டுப் போச்சு. எங்கய்யன் அன்னிக்குச் சந்தைக்குப் போயிருந்தாரு. தறி ரிப்பேர் பண்ற பட்டறைக்குக் குடுத்தனுப்பி நாந்தான் பத்த வெச்சு வாங்கினேன். உங்க மாமன் ராடு வாங்க ரெண்டு தடவ போனாராமா?"

"ஆமாங்க."

"மூணாந் தடவ போயிட்டு வர்றதுக்குள்ள ஐப்பசி போயிரும்ல? எங்கய்யனுக்குத் தெரிய வேண்டாம் கண்ணு. வாயத் தொற."

ஒரு முழுக் கச்சாயத்தை என் வாயில் வைத்தார். அதை மென்றுகொண்டே வெளியே வந்தேன். வாசலில் அவருடைய அப்பா நின்றிருந்தார். கொட்டகைப் பக்கமிருந்து வந்தேன் என்று எப்படியோ தெரிந்திருக்கிறது. கலப்பையைப் பார்த்தாயா சாமி என்று கேட்டார். வாய் நிறைய இருந்ததால் தலையை ஆட்டினேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நானும் பாத்தேன். எங்க ஊட்டுக் கலப்பை எனக்குத் தெரியாதா? புள்ளகிட்டச் சொல்லிப் போடாத. நான் சந்தைக்குப் போயிருந்ததாவே இருக்கட்டும்."

அவரும் உள்ளே போய் ஒரு கச்சாயம் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் மாமா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். முன்னால் அம்மாவும் அப்பாவும் முகூர்த்தத் தேதியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டிருக்கிறார் என்பது பக்கவாட்டில் கன்னத்தைப் பார்த்தால் தெரிந்தது. பிறகு என் காதருகே வந்தார்.

"மீன் செதிலாட்டம் பத்த வெச்சிருக்கான், பாத்தியா? நல்ல கைக்காரன். அடுத்த வாரம் போயி அவன்கிட்ட வேலை கத்துக்கோணும். அவங்க ரெண்டு பேருக்கும் எனக்குத் தெரியும்கறது தெரிய வேண்டாம், என்ன?"

சரி என்று தலையாட்டினேன். பல்லடம் ஸ்டாண்டில் பஸ் நின்றபோது எனக்குக் கடலை மிட்டாய் வாங்கித் தந்தார்.

ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. தேதி என்னிடம் பத்திரிகையோடு இருக்கிறது, வருஷம் அச்சான மூலையைத்தான் கரையான் அரித்துவிட்டது. தேதியில் மட்டும் கட்சி இல்லை. கல்யாணத்தன்று மூன்று பேரும் தனித்தனியாக என்னைக் கண்டபோது தனித்தனியாகச் சிரித்தார்கள். நானும் ஒவ்வொருவருக்கும் கொடுத்த வாக்கை ஒவ்வொருவரிடமும் காப்பாற்றினேன். எனக்கிருந்த குழப்பம் வேறு. விட்டுப் போனது அடியில் போட்ட பத்தாம் நம்பர் ஓட்டா, மேலே போட்ட எட்டாம் நம்பரா என்று அவர்களில் ஒருவராவது கேட்டிருக்க வேண்டும். அதற்காகத்தானே இத்தனை பாடும். யாரும் கேட்கவே இல்லை. அது ஏன் என்று அந்த வயதில் எனக்கு விளங்கவே இல்லை.